ரிஃபைன்: எதை எடுத்தார்கள், யாருக்காக எடுத்தார்கள்?

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் சில ஆங்கிலச் சொற்கள் என்னை விடுவதாக இல்லை. அவற்றில் ஒன்று ‘ரிஃபைன்’.

இந்தச் சொல் நம்மைச் சுற்றி எத்தனை இடத்தில் இருக்கிறது பாருங்கள். சமையலறையில் எண்ணெய் பாக்கெட்டின் மேல் இருக்கிறது. மணலியில் ரிஃபைனரி இருக்கிறது. ‘மனுஷர் ரொம்ப ரிஃபைண்ட்’ என்று ஒருவரைப் பாராட்டுகிறோம். கைப்பேசியில் வேட்டி வாங்கப் போனால், தேடுவதை ‘ரிஃபைன்’ பண்ணிக்கொள்ளுங்கள் என்கிறது.

அகராதியைத் திறந்தால் முக்கியமாக இரண்டு பொருள் கிடைக்கும். ஒன்று, கலந்திருக்கும் வேண்டாததை நீக்கித் தூய்மையாக்குவது. இன்னொன்று, சின்னச் சின்ன மாற்றங்கள் செய்து மேம்படுத்துவது. இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால் என்ன ஆகிறதென்றால், எதையாவது நீக்கிவிட்டாலே அது மேம்பட்டுவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம். கடைக்காரரும் அப்படியே சொல்கிறார்: “சார், இது ரிஃபைண்ட். சுத்தமா இருக்கும், நல்லது.” சுத்தம், நல்லது என்ற இரண்டு வார்த்தைக்கும் நடுவில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதை நாம் கேட்பதே இல்லை என்பதுதான் என் குறை.

சொல்லின் பூர்வீகம்

‘ரிஃபைன்’ என்பதன் உள்ளே இருப்பது ‘ஃபைன்’. அது பிரெஞ்சு வழியாக லத்தீன் மொழியின் ‘ஃபினிஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஃபினிஸ் என்றால் முடிவு, எல்லை. ‘ஃபினிஷ்’, ‘ஃபைனல்’ எல்லாம் அதே குடும்பம்தான். இதற்கு மேல் ஒன்றுமில்லை என்னும் எல்லையைத் தொட்ட சரக்கு ‘ஃபைன்’ ஆயிற்று.

நாம் நூலகத்திலும் போக்குவரத்துப் போலீசாரிடமும் கட்டுகிற ‘ஃபைன்’ இருக்கிறதே, அபராதம், அதுவும் இதே வேரில் பிறந்ததுதான். வழக்கை முடித்துக்கொள்வதற்காகக் கொடுத்த பணம் என்பது அதன் பழைய பொருள். உயர்வுக்கும் தண்டனைக்கும் ஒரே பாட்டி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்துத் தேவைப்படும்.

நம் வீட்டுச் சொற்கள்

தமிழில் ‘ரிஃபைன்’ என்பதற்கு ஒரே சொல்லாக என்ன சொல்வது என்று மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். சுத்திகரிப்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பாடப்புத்தகச் சொல். நம் அம்மாக்கள் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. அவர்களிடம் வேலைக்கொரு சொல் இருந்தது.

களத்தில் நெல்லைத் தூற்றினால் பதர் பறக்கும். முறத்தில் புடைத்தால் உமி போகும். கொழித்தால் கல்லும் குருணையும் ஒதுங்கும். மாவைச் சலித்தால் கப்பி சல்லடையில் நிற்கும். அரிசியைக் களைந்து அரித்தால் மண் அடியில் தங்கும். பாகை வடிகட்டுவோம். தங்கத்தைப் புடம் போடுவோம். அரிசியைத் தீட்டுவோம். நிலத்தைப் பண்படுத்துவோம். ஒவ்வொரு சொல்லும் எது போகிறது, எது மிஞ்சுகிறது, எந்தக் கருவியால் என்பதைக் கையோடு சொல்லிவிடும். புடைத்த அரிசி என்று சொன்னால் உமி போன அரிசி என்று தெரியும். அது உயர்ந்த அரிசி என்று யாரும் சொல்லவில்லை.

கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பார்கள். கலங்கல் அடியில் படிந்து தண்ணீர் தெளிந்துவிடும். தேற்றுதல் என்ற அதே சொல்லைத்தான் துக்கத்தில் இருப்பவரிடமும் பயன்படுத்துகிறோம். மனதைத் தேற்றிக்கொள் என்கிறோம். கலங்கியதைத் தெளிய வைப்பது தண்ணீருக்கும் மனதுக்கும் பொது என்று கண்டுகொண்ட மொழி இது.

நாட்டு வைத்தியர்கள் சொல்லும் ஒரு விஷயம் இந்தப் பேச்சுக்கே அடிப்படை. சுக்குக்கு மேல்தோலில் நஞ்சு, கடுக்காய்க்கு உள்ளே கொட்டையில் நஞ்சு என்பார்கள். சுக்கைத் தோல் சீவி எடுக்க வேண்டும். கடுக்காயில் தோலை வைத்துக்கொண்டு கொட்டையை எறிய வேண்டும். மாற்றிச் செய்தால் மருந்து போய்விடும், நஞ்சு தங்கிவிடும். எதை நீக்க வேண்டும் என்பதற்குப் பொது விதி கிடையாது. அந்தப் பொருளைத் தெரிந்தவன்தான் அதைச் சுத்தி செய்யலாம்.

ரிஃபைன் அவசியமான இடங்கள்

ரிஃபைன் என்றாலே சதி என்று சொல்லும் ஒரு கூட்டம் இப்போது வாட்ஸப்பில் இருக்கிறது. நான் அந்தக் கட்சி இல்லை.

மணலி ஆலையை எடுத்துக்கொள்வோம். மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் 1965-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. மத்திய அரசும், அமெரிக்காவின் அமோகோவும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டு. ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெய் என்ற அளவில் 1969-ல் ஓட ஆரம்பித்தது. 2000-ல் சென்னை பெட்ரோலியம் என்று பெயர் மாறியது. அங்கே நடப்பது என்ன? கச்சா எண்ணெயைச் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுகிறார்கள். சமையல் வாயு, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று கொதிநிலைக்கு ஏற்ப ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில் பிரிகிறது. அடியில் தங்கும் கனத்த கசடுகூடத் தாராகி ரோட்டுக்குப் போகிறது.

அங்கே நிஜமாகவே வெளியேற்ற வேண்டிய ஒரு வேண்டாப் பொருள் கந்தகம். டீசலில் அது அதிகம் இருந்தால் புகை வழியாக நம் நுரையீரலுக்குத்தான் வரும். பாரத் ஸ்டேஜ் 4 விதியில் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்தது, 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. எடுத்தது கந்தகம், பயன் ஊராருக்கு. இதற்குப் பெயர் ரிஃபைன் என்றால் நான் கைதட்டுவேன்.

பருத்திக்கொட்டை எண்ணெயும் அப்படித்தான். அதில் ‘கோசிபால்’ என்ற நச்சு நிறமி இருக்கிறது. சுத்திகரிக்காமல் சமையலுக்கு ஆகாது. கடலை எண்ணெயிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஈரத்தில் பூஞ்சை பிடித்த கடலையை ஆட்டினால் ‘அஃப்ளடாக்சின்’ என்ற நஞ்சின் ஒரு பகுதி எண்ணெயிலும் வரலாம். ஆலையின் காரச் சுத்திகரிப்பு அதை நீக்கிவிடும், செக்கு நீக்காது. ஆகவே செக்கு என்று பலகை மாட்டினால் போதாது. செக்கில் போட்ட கடலை எப்படிப்பட்டது என்று பார்த்து வாங்க வேண்டும்.

அரிசியின் கதை

இப்போது மறுபக்கம். நீக்கியதால் கெட்டதற்கு அரிசியைவிடப் பெரிய சாட்சி இல்லை.

டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில், படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா), 1880-களின் கடைசியில் பெரிபெரி நோய் வாட்டிக்கொண்டிருந்தது. கால் மரத்துப்போகும், நடக்க முடியாது, இதயம் பாதிக்கும், ஆள் போய்விடுவார். கிருமியால் வருகிறது என்று நினைத்துக் கிறிஸ்டியான் ஐக்மன் என்ற மருத்துவர் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகளுக்கு அதே போன்ற தள்ளாட்டம் வந்தது. கொஞ்ச நாளில் தானே சரியாகவும் ஆயிற்று. விசாரித்தால் விஷயம் சமையற்கட்டில் இருந்தது. இராணுவ மருத்துவமனையில் மீந்த தீட்டிய வெள்ளைச் சோறு கோழிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்து அரிசியை வெளிக்கோழிகளுக்குத் தர முடியாது என்று நிறுத்திவிட்டார். சாதாரண, தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன.

தவிட்டில் இருந்த ஒன்றுதான் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. 1926-ல் அதே படேவியாவில் யான்சன், டோனாத் என்ற இருவர் தவிட்டிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இன்று நாம் பி1 என்று சொல்லும் தயமின். ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு நம் பக்கத்திலும் ஒரு கிளை உண்டு. குன்னூரில் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அதுதான் பிறகு ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக ஆகியிருக்கிறது. அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில் பெரிபெரி அதிகம் இருந்தது வடக்கே ஆந்திரக் கடலோரத்தில். அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி. தெற்கே நாம் சாப்பிட்டது பெரும்பாலும் புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு தங்கும். நெல் அவித்த நம் ஆச்சிகளுக்கு பி1 தெரியாது. ஆனால் எடுப்பதற்கு முன்னால் உள்ளே இறக்கிவைக்கும் வேலையைச் செய்திருக்கிறார்கள்.

மில் வந்ததைக் குறை சொல்லவில்லை. உலக்கை பிடித்துக் காய்த்துப்போன கைகளுக்கு மில்தான் ஓய்வு கொடுத்தது. ஆனால் உமி நீக்குவதோடு நிற்காமல், தவிடு முழுவதையும் எடுத்து மல்லிகைப்பூ மாதிரி ஆக்கியது யாருக்காக? தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. அது சீக்கிரம் சிக்குப் பிடித்துவிடும். தவிடு போன அரிசி மாதக்கணக்கில் கிடங்கில் கெடாமல் கிடக்கும். மைதாவும் அப்படித்தான். வசதி முதலில் கிடங்குக்கு, லாரிக்கு, கடைக்கு. நமக்கு வெள்ளை நிறம் பெருமையாகத் தெரிந்தது, ஏற்றுக்கொண்டோம்.

இன்று நிலைமை என்ன? எடுத்த தவிட்டைப் பிழிந்து தவிட்டெண்ணெய் என்று தனியாக விற்கிறார்கள். தீட்டும்போது இரும்புச்சத்திலும் ஃபோலேட்டிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. ரேஷன் கடையில் செறிவூட்டப்பட்ட அரிசி என்று, இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்த மணிகளை நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்து தரும் திட்டமும் வந்தது. எடுப்பதற்கு ஒரு செலவு, திருப்பிச் சேர்ப்பதற்கு இன்னொரு செலவு.

எண்ணெயும் வெல்லமும்

ரிஃபைண்ட் எண்ணெய்க்கு நான்கு படிகள். கோந்து போன்ற பொருளை நீக்குவார்கள். காஸ்டிக் சோடாவால் புளிப்பை முறிப்பார்கள். ஒருவகை மண்ணால் நிறத்தை உறிஞ்சுவார்கள். கடைசியில் காற்றழுத்தம் குறைத்து, 200 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தி வாசனையை ஓட்டுவார்கள். இதில் வேண்டாதவையும் போகின்றன, வைட்டமின் ஈ-யில் ஒரு பகுதியும் போகிறது. கடலையா, சூரியகாந்தியா என்று மூக்கால் கண்டுபிடிக்க முடியாமலும் போகிறது. சிப்ஸ் கம்பெனிக்கு வாசனையற்ற எண்ணெய் வசதி. நல்லெண்ணெய் வாசனையோடு இட்லிப்பொடி சாப்பிடும் நமக்கு அதில் என்ன வசதி?

இங்கே நம் வயதுக்காரர்களுக்கு ஒரு விஷயம். செக்கு எண்ணெய் என்பதற்காகக் கொழுப்பு குறையாது. எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான். அதே மாதிரி வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரை நோய்க்காரருக்குச் சலுகை தராது. வெள்ளைச் சீனி மாதிரியே அவையும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும்.

வெல்லத்தில் இன்னொரு கூத்து. கரும்புச்சாறு காய்ச்சும்போது சுண்ணாம்பும், வெண்டைச்செடித் தண்டின் கொழகொழப்பும் போட்டால் அழுக்கு நுரையாக மேலே வரும், அகப்பையால் எடுத்துவிடுவார்கள். அது உண்மையான சுத்தம். இன்று பல இடங்களில் ‘ஹைட்ராஸ்’ என்ற இரசாயனத்தைப் போட்டு வெல்லத்தைப் பொன்னிறமாக்குகிறார்கள். இங்கே அழுக்கு போகவில்லை, நிறம்தான் போகிறது. கூடவே கந்தகம் சேர்கிறது. டீசலிலிருந்து கஷ்டப்பட்டு எடுக்கும் கந்தகத்தைப் பொங்கல் வெல்லத்தில் நாமே போட்டுக்கொள்கிறோம். கடையில் பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக! வாங்குகிறவர்கள் மஞ்சளைக் கேட்பதால்தான் விற்கிறவர்கள் மஞ்சளாக்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மனிதரை ரிஃபைன் செய்வது

சாப்பாட்டு விஷயத்தில்கூட நான் சமாதானமாகப் போய்விடுவேன். என்னை உறுத்துவது இது.

எங்கள் தெருவில் ஒரு பையன், மூன்றாம் வகுப்பு. ஒருநாள் சாயங்காலம் என்னிடம் வந்து, “தாத்தா, எங்க கிளாஸ்ல தமிழ் பேசினா அஞ்சு ரூபா ஃபைன்” என்றான். எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. இந்த வழக்கம் ஒரு பள்ளியோடு நிற்பதும் இல்லை. அவன் அம்மாவிடம் கேட்டால், “பிள்ளை கொஞ்சம் ரிஃபைண்டா வளரணும்னுதான் சார் அங்க சேர்த்தோம்” என்றார். ஃபைன் கட்டி ரிஃபைன் ஆகிறான்!

ஆங்கிலம் வேண்டும். அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் நான் சோறு தின்றேன். ஆங்கிலத்தை அவனுக்குள் சேருங்கள், நன்றாகச் சேருங்கள். ஆனால் சேர்ப்பதற்காக எதை எடுக்கிறார்கள்? வீட்டில் அவனுடைய ஆச்சி இருக்கிறார். அந்த அம்மாளுக்கு எங்கள் ஊர்த் தமிழ் மட்டும்தான் தெரியும். பையன் இப்போது ஆச்சி கேட்பதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்கிறான். “ஏலே, பள்ளிக்கூடத்துல என்னல நடந்துச்சு?” என்று கேட்டால், “நத்திங்” என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறான். ஆச்சி சிரித்துக்கொள்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எண்பது வருட வாழ்க்கையை அந்த அம்மாள் யாரிடம் சொல்வார்? பையனுக்கு அது பிறகு எந்தக் கடையில் கிடைக்கும்? போன தவிட்டைப் பாக்கெட்டில் வாங்கிச் சேர்க்கலாம். ஆச்சியின் பேச்சைச் செறிவூட்டித் தரும் ரேஷன் கடை கிடையாது.

ஆங்கிலத்தில் ‘ரிஃபைண்ட்’ என்று சொல்லும் மனிதரைத் தமிழில் பண்பட்டவர் என்கிறோம். நிலத்தையும் பண்படுத்துகிறோம். உழவர் எப்படிப் பண்படுத்துகிறார்? கல்லையும் களையையும் எடுக்கிறார், உண்மைதான். ஆனால் அதோடு நிற்கிறாரா? உழுது காற்றோட்டம் கொடுக்கிறார், தொழுவுரம் கொட்டுகிறார், கிடை போடுகிறார், தண்ணீர் பாய்ச்சுகிறார். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு நிலம் சுத்தமாகிவிட்டது என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். பிள்ளைகளிடம் நாம் செய்வது சில நேரம் அந்த மேல்மண் சுரண்டல்தான்.

எடுத்ததற்குக் கணக்கு

நீக்கவே கூடாதா என்றால், நீக்கலாம். எப்படி என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டு உ.வே.சாமிநாதையர். 1887-ல் சீவக சிந்தாமணியையும், 1894-ல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தார். ஏடு எழுதியவர்கள் செய்த பிழைகள் ஏராளம். பல ஏடுகளை ஒப்பிட்டு, பொருந்தாததை விலக்கி, பொருந்தியதை எடுத்துப் பாட்டைச் செம்மை செய்தார். ஆனால் விலக்கியதைத் தூக்கி எறியவில்லை. வேறு ஏடுகளில் இப்படி இருக்கிறது என்று பாடபேதத்தை அடியில் குறித்துவைத்தார். பின்னால் வருகிறவன் என் முடிவை மறுக்க வேண்டுமென்றால் அதற்கான சரக்கு இதோ இருக்கிறது என்பது அதன் பொருள்.

தட்டாரிடமும் இந்த நிதானம் உண்டு. 24 காரட் தங்கம் நகைக்கு ஆகாது, வளைந்துவிடும். செம்போ வெள்ளியோ சேர்த்து 22 காரட்டாக்கித்தான் வளையல் செய்வார். அந்த 916 முத்திரை என்ன சொல்கிறது? ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மீதி வேறு உலோகம் என்று கணக்கை வெளிப்படையாகச் சொல்கிறது. முழுத் தூய்மை பெட்டகத்துக்குச் சரி, கைக்குக் கொஞ்சம் கலப்பு வேண்டும்.

ஆகவே ரிஃபைன் என்ற சொல்லை ஒரு பாராட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அது ஒரு தகவல், அதுவும் பாதித் தகவல். எதை எடுத்தார்கள், யாருக்காக எடுத்தார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்தால் மீதிப் பாதி கிடைத்துவிடும். டீசலுக்குக் கேளுங்கள், பதில் நன்றாக இருக்கும். பளபளக்கும் வெல்லத்துக்குக் கேளுங்கள், கடைக்காரர் வேறு பக்கம் பார்ப்பார். பள்ளிக்கூடத்திலும் கேளுங்கள். பெற்றோர்களுக்குப் பயமாக இருந்தால் தாத்தா பாட்டிகள் நாம் போய்க் கேட்கலாம். நமக்கு என்ன, நேரம் இருக்கிறது. நம்மைப் பள்ளியை விட்டு நிறுத்தவும் முடியாது.